காட்டுக் காவலும் கணக்கேடும்

கும்மிடிப்பூண்டி என்ற பெயரைக் கேட்டதும் ஆலைகளின் புகைக் கூண்டுகளையும், சென்னையிலிருந்து ஆந்திர தேசத்தை நோக்கி இராப்பகலாக ஓடும் லாரிகளையும் எண்ணிக்கொள்வது நம்மவர் வழக்கம். அந்தப் பெரும்பாதையை விட்டு மேற்கே திரும்பினால் காடு இருக்கிறது என்று சொன்னால் நேயர்களில் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்டு. பாலையும் வக்கணையும் காரையும் களாவும் சூரையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தாழ்ந்த காடு அது. அங்கே யானை இல்லை, புலி இல்லை. ஆதலின் பத்திரிகைகளில் அதன் பெயர் அடிபடுவதில்லை. உல்லாசப் பிரயாணிகளும் அதை நாடுவதில்லை.

ஆனால் பழமைக்கு அதனிடம் குறைவில்லை. பூண்டிக்கு அருகே அல்லிக்குழி மலைச் சாரலில், இத்தகைய காட்டின் நடுவே, குடியம் குகைகள் இருக்கின்றன. அவற்றிற்குச் சமீபத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் வருஷம் ராபர்ட் புரூஸ் புட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஆதி மனிதன் செய்த கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது. இவ்வளவு நெடுங்காலமாக மனிதன் நடமாடிய காட்டை இன்று காப்பவர் யார்? கையில் ஒரு கம்பும், சட்டைப்பையில் ஒரு செல்போனும், குறிப்பெழுத ஒரு நாட்குறிப்பும் கொண்டு நடக்கும் வனச் சிப்பந்திதான். அவரைப் பற்றியும், அவரால் காப்பாற்ற முடியாமற் போகும் காட்டைப் பற்றியும் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வன இலாகாவின் ஏணியில் அடிப்படியில் நிற்பவர் வனக் காவலர்; அவருக்கு மேல் வனக் காப்பாளர்; அவருக்கும் மேல் வனவர்; அதன்மேல் வனச்சரக அலுவலர். மாவட்ட வன அலுவலர் முதலான பெரிய உத்தியோகஸ்தர்களைப் பற்றிச் சட்டசபையிலும் பத்திரிகையிலும் பிரஸ்தாபம் வருவதுண்டு. கீழே உள்ள முதல் மூவரைப் பற்றி, யாரேனும் யானையால் மிதியுண்டு இறந்தாலன்றி, ஒரு வரியும் வருவதில்லை. ஒரு காப்பாளருக்கு ஒதுக்கப்படும் காவற் சுற்று பல சதுர மைல் விரிந்தது. எல்லைக் கற்கள் இடம் பெயராமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், புதிதாக வெட்டிய அடிமரம் கண்டால் அளந்து குறிப்பதும், வலை கட்டி முயலும் கௌதாரியும் பிடிப்பவரைத் தடுப்பதும் அவருடைய அன்றாட வேலை. ஐப்பசி மழைக்கு முன் குழி தோண்டி, மழை விழுந்ததும் நாற்று நட வேண்டும். அந்த நாற்றுக்காகச் செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து பைகளில் நிரப்பி, மாதக் கணக்கில் தண்ணீர் விட்டு வளர்ப்பவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினக்கூலிக்கு வரும் பெண்கள். மழைக்காலத்தில் நட்ட கன்றுகள் எத்தனை என்று கணக்குச் சொல்வது சுலபம். அடுத்த இரண்டு கோடைகளைத் தாண்டி நிற்பவை எத்தனை என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? விழாக்களில் முதற் கணக்கே வாசிக்கப்படுகிறது.

தை பிறந்தால் தீயின் பயம் தொடங்கும். காய்ந்த புல்லையும் சருகையும் செதுக்கி எடுத்து, காட்டின் குறுக்கே அகன்ற வெறும் தரையாகத் தீத்தடுப்புக் கோடுகள் போடவேண்டும். நெருப்புப் பற்றினால் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தே அணைக்கிறார்கள். இந்தக் காலத்திலும் பெரும்பாலும் அதுதான் ஆயுதம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட பின்பே, காட்டுத் தீ என்பது நகரத்தாரின் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பங்குனி சித்திரையிலும் அந்த வெப்பத்தில் நின்றவர்கள் இந்தச் சிப்பந்திகளும், கோடைக்கு மாத்திரம் கூலிக்கு அமர்த்தப்படும் தீக்காவலர்களுமே.

இந்த இலாகா எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சற்று நினைவுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். தென்னாட்டில் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிற்று. அந்தப் பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. அதே 1856-ஆம் வருஷத்தின் இறுதியில், சென்னையிலேயே பிறந்த ஸ்காத்லாந்து வைத்தியர் ஹ்யூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பரிபாலகராக நியமிக்கப்பட்டார். ரயிலும் வன இலாகாவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகளாக அமைந்ததில் வியப்பில்லை. ஒரு மைல் தண்டவாளத்துக்குச் சுமார் 2,000 கட்டைகள் தேவை. அவையும் சில வருஷங்களில் உளுத்துப் போகும். எஞ்சினுக்கு விறகு வேண்டும். மலைக்காடுகள் கட்டைகளாயின, கடற்கரை மணலில் விறகுக்காகச் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் விறகு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகுகளில் சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. கிளெக்ஹார்ன் காட்டை உண்மையாகவே நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவரை நியமித்த கம்பெனி சர்க்காருக்கு வேண்டியிருந்தது மரம்; காடு அன்று.

ஆச்சரியமான செய்தி ஒன்றும் உண்டு. இந்தியா முழுவதற்குமாக வனச் சட்டம் செய்ய முற்பட்டபோது அதை எதிர்த்தவர்களுள் சென்னை ரெவினியூ போர்டாரும் இருந்தனர். கிராமத்தைச் சுற்றியுள்ள காடு கிராமத்தாரின் அநுபோகத்தில் வழிவழியாக இருந்து வருவது. அதைச் சர்க்காரின் சொத்து என்று ஒரே அடியாகச் சாதிப்பது நியாயமாகாது என்பது அவர்கள் வாதம். அன்னிய உத்தியோகஸ்தர்களே இவ்விதம் எழுதினார்கள்! ஆயினும் 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. இன்றும் அதுவே, தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரோடு, அமலில் இருந்து வருகிறது. காப்புக்காடு என்ற சொல்லும், புல்லுக்குச் சீட்டும், மாட்டுக்குப் பவுண்டும் கிராமத்தானின் வாழ்வில் புகுந்தன. ஆடு எல்லை தாண்டினால் அபராதம். அபராதத்துக்குப் பயந்து காவற்காரனுக்குக் கோழியும் நெய்யும். 1913-இல் கூடிய வனக் கமிட்டியின் முன் குடிகள் சொன்ன குறைகளில் இந்தக் கீழ்ச் சிப்பந்திகளின் கொடுமையே மேலோங்கி நின்றது. அதன் பயனாகச் சில காடுகளை வனப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது, அது வேரூன்றவில்லை. 1921-இல் அதே மாகாணத்துப் பல்நாட்டில் குடிகள் மேய்ச்சல் வரி கொடுக்க மறுத்து மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டினார்கள். அவர்கள் தலைவர் கன்னெகண்டி ஹனுமந்து 1922-இல் சுடப்பட்டு உயிர் நீத்தார். உப்புக்கு முன்பே புல்லுக்காகச் சத்தியாக்கிரகம் செய்தது நம் நாடு.

இந்தப் பழைய கதை காரணமாகவே காக்கிச் சட்டையைக் கண்டால் கிராமத்தான் இன்றும் ஒதுங்குகிறான். காவலருக்கோ அதே கிராமத்தானின் ஒத்தாசையின்றி ஒரு நாளும் வேலை நடவாது. தீ எங்கே எழுந்தது, வண்டி எந்த ஓடை வழியாக வந்தது, கோடரிச் சத்தம் எந்தத் திசையில் கேட்டது என்று சொல்ல வேண்டியவன் ஆடு மேய்ப்பவன்தானே? இதனை உணர்ந்து 1990 ஜூனில் மத்திய சர்க்கார் கூட்டு வன நிர்வாகம் என்ற கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ்க் கிராம வனக் குழுக்கள் ஏற்பட்டன. திட்டப் பணம் இருந்தவரையில் பல இடங்களில் அவை சுறுசுறுப்பாகவே நடந்தன. பணம் நின்றதும் பெயர்ப்பலகை நின்றது.

இனி, தேர்வாய் கண்டிகை விஷயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சேர்ந்த இந்தக் கிராமத்தில் வசிப்பவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். ஊரை ஒட்டிச் சுமார் 1,127 ஏக்கர் பூமி மரமும் புதரும் அடர்ந்து கிடந்தது. ஆடுமாடு மேய்ப்பதும், விறகும் பழமும் மூலிகையும் எடுப்பதும் அங்கேதான். அந்தக் காட்டில் விழும் மழையே தங்கள் ஏரிகளை நிரப்பியது என்றும், வழிவழியாகத் தாங்களே அதைக் காத்து வந்ததாகவும் ஊரார் கூறினர். சர்க்கார் கணக்கேட்டிலோ அது மேய்க்கால் புறம்போக்கு. காடு என்ற வார்த்தை அந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை. ஆகவே, 1980-ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு காப்புக்காட்டை எடுப்பதற்கு வேண்டியதான டில்லி அனுமதியும், மாற்று நிலமும், மாற்றுக் காடு வளர்ப்பும் இங்கே தடையாக நிற்கவில்லை. நிலம் சிப்காட் கைக்கு மாறிற்று. 2009-இல் ஜனங்கள் மறியல் செய்தார்கள், கைதானார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷத்தில் மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி அந்தத் தொழிற்பேட்டையில் சுமார் 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்கச் சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

விவகாரம் பாரிஸ் நகரம் வரை சென்றது. 2012-இல் கிராமத்தாரின் சங்கமும், நமது நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பு ஒன்றும், பிரெஞ்சுத் தொழிலாளர் சங்கமும், அவர்களுக்குத் துணையான சில ஸ்தாபனங்களும் சேர்ந்து, பன்னாட்டுக் கம்பெனிகளின் நடத்தையை விசாரிக்கும் பிரெஞ்சு அமைப்பின் முன் முறையிட்டனர். விசாரணை முடியுமுன் முறையிட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். கம்பெனி விதிகளை மீறவில்லை என்று 2013 செப்டம்பரில் அந்த அமைப்பு முடிவு சொல்லி, மேலும் கவனிக்க வேண்டியவை என்று சில யோசனைகளையும் கூறிற்று. கம்பெனியின் மீது குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். நிலத்தைக் கொடுத்தது கம்பெனி அன்றே! கொடுத்தது நமது சர்க்கார். கொடுக்க இடம் தந்தது நமது கணக்கேடு. வேலை வேண்டாம், ஆலை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே இருந்த பொதுச்சொத்து எது, எவருடையது, அதற்கு ஈடு என்ன என்ற கேள்வியை அந்த ஊர்ச் சபையிடம் முதலில் கேட்டிருக்கலாம் என்பதே நமது கட்சி. பின்னர் அதே வட்டாரத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் எழும்பி, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னைக்கு 500 மில்லியன் கன அடி தண்ணீர் அதனால் சேமிப்பாகும். பட்டணத்தின் தாகத்துக்கும் பட்டணத்தின் தொழிலுக்கும் இந்த ஒரு மூலை எத்தனை நிலம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

ஏட்டில் காடு என்று எழுதியிருந்தால்தான் காடா என்ற கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் வழக்கில் தீர்த்து வைத்தது. அகராதிப் பொருளில் எது காடோ அதுவே காடு. நிலம் எவருடையதாயினும் சட்டம் அதற்குப் பொருந்தும். அத்தகைய இடங்களை ஒவ்வொரு ராஜ்யமும் நிபுணர் கமிட்டி வைத்துக் கண்டறிய வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்திருந்தால் தேர்வாய் கண்டிகையைப் பற்றி வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும். 2011 ஜனவரி 28-இல் ஜக்பால் சிங் வழக்கில் அதே கோர்ட்டு, கிராமத்தின் மந்தைவெளிகளும் புறம்போக்குகளும் ஊர்ப் பொதுச்சொத்து, அவற்றைத் தனியார் கைப்பற்ற விடலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிற்று. பிறகு என்ன ஆயிற்று? 2023-இல் பார்லிமெண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. சட்டத்தின் பெயரை, நம்மில் பலருக்கு வாயில் நுழையாத ஹிந்திப் பெயராக மாற்றியது ஒரு புறம் இருக்கட்டும். காடாக அறிவிக்கப்பட்டதும், 1980 அக்டோபர் 25-க்குப் பிறகு சர்க்கார் ஏட்டில் காடென்று குறிக்கப்பட்டதும் மாத்திரமே சட்டத்துக்கு உட்பட்டவை என்று அந்தத் திருத்தம் வரம்பு கட்டியது. 2024 பிப்ரவரி 19-இல் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவொன்று பிறப்பித்து, பழைய அகராதிப் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றும்படி ராஜ்யங்களுக்குக் கட்டளையிட்டது. தமிழ்நாட்டின் மேய்க்கால்கள், ஏரிக்கரைக் கருவேலங்காடுகள், காட்டுப் புறம்போக்குகள் எல்லாம் இப்படிக் கோர்ட்டு உத்தரவின் நூலில் தொங்குகின்றன.

இந்த இடங்களில் காவலருக்கு என்ன அதிகாரம்? காப்புக்காட்டின் எல்லைக்கல்லுக்கு இப்புறம் ஒருவன் சுள்ளி ஒடித்தால் பிடிக்கலாம். அப்புறம் ஒரு பெரிய யந்திரம் வந்து நூறு ஏக்கரை ஒரே வாரத்தில் வழித்தெடுத்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுள்ளி ஒடித்தவனுக்கு அபராதச் சீட்டு எழுதுவது எளிதான உத்தியோகம் என்று பலர் எண்ணுகிறார்கள். தன் சாதி சனத்திலும் தன் தெருவிலும் உள்ள ஏழைகள்மீது அதை எழுதிவிட்டு மறுநாள் அதே தெருவில் நடந்து போவது எவ்வளவு கஷ்டமென்பது, அந்த வேலையைச் செய்பவருக்கே தெரியும்.

ஆபத்தும் இல்லாமலில்லை. செம்மரம் உலகத்திலேயே கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதி மலைகளிலும் அவற்றை ஒட்டிய நம் எல்லைப்புறத்திலும் மாத்திரம் இயற்கையாக வளர்வது. சேஷாசலத்தில் வெட்டப்படும் கட்டை துறைமுகம் சேர வேண்டுமானால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பாதைகள் அதற்கு வசதியானவை. 2013 டிசம்பரில் அந்த மலையில் ஆந்திர வன அதிகாரிகள் இருவர் மரவெட்டிகளால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு மரம் வெட்டச் சென்ற 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டு வீழ்த்தியது. சீனத்திலும் பிற தேசங்களிலும் செம்மரத்துக்கு விலை பேசிய செல்வர் எவரும் அவ்விரண்டு நாளும் காட்டில் இல்லை. கம்பு பிடித்த ஏழையும் கோடரி பிடித்த ஏழையுமே எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

இத்தகைய வேலைக்கு நிரந்தரமானவர்களையே வைத்திருக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. புலிக் காப்பகங்களிலும் பிற காடுகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்கு உழைப்பவர்கள் பலர். பத்து வருஷம் அவ்விதம் காத்திருந்தபின் வனக் காவலராகச் சேர்த்துக்கொள்வது ஒரு பெரிய உபகாரமாகச் சொல்லப்படுகிறது. செப்டம்பர் 11-ஆம் தேதியை வனத் தியாகிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். 1730-இல் ராஜபுதனத்துக் கேஜட்லி கிராமத்தில் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிர்விட்ட பிஷ்ணோய் மக்கள் 363 பேரின் ஞாபகமாக ஏற்பட்ட தினம் அது. அன்று நினைவுத்தூணின் முன் மௌனமாக நிற்கும் தொகுப்பூதியக் காவலர், தாம் இறந்தால் தம் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணாமலிருக்க முடியுமா?

திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டை எவரினும் நன்கறிந்தவர்கள் இருளர்கள். எந்தப் புற்றில் பாம்பு, எந்தக் கிளையில் தேன், எந்தக் கொடியில் மருந்து என்பது அவர்களுக்குப் பிறவிப் பாடம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பாம்புத்தோல் வியாபாரத்தைச் சரியாகவே நிறுத்தியது. ஆனால் அதில் பிழைத்தவர்களின் கதி என்ன என்று கேட்பாரில்லை. செங்கற்பட்டுப் பக்கத்தில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கும் கௌரவமான தொழில் சிலருக்குக் கிடைத்தது. திருவள்ளூர்ப் பக்கத்தில் பலருக்குக் கிடைத்தது அரிசி ஆலையும் செங்கற்சூளையும், அவற்றில் முன்பணத்துக்குக் கட்டுண்ட கொத்தடிமையும்தான். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் ஐகோர்ட்டின் தடை குறுக்கிட்டு, 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கும்வரை பட்டா வழங்க வழியின்றிக் கிடந்தது. எட்டு வருஷம்! சூளையில் கிடப்பவனுக்கு எட்டு வருஷம் எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கிட எந்தக் கமிட்டியும் அமைக்கப்படவில்லை. இவர்களில் இளைஞர்களைத் தேடிப்பிடித்து நிரந்தரக் காவலராக நியமித்தால் காட்டுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

ஜனங்களிடம் பொதுச்சொத்தை ஒப்படைத்தால் பாழாக்கிவிடுவார்கள் என்பது கச்சேரிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அவ்விதம் பேசுகிறவர்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே பழவேற்காட்டு ஏரிக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே மீனவர்கள் பாடு என்ற முறையை நெடுங்காலமாக அநுசரித்து வருகிறார்கள். எந்த ஊரார் எந்த நீரில், எந்த நாளில் வலை போடுவது என்பதைத் தமக்குள்ளேயே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சச்சரவு இல்லாமலில்லை, சச்சரவைத் தீர்க்கும் வழியும் அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கார் சிப்பந்தி ஒருவரும் நின்று காவல் காக்கவில்லை. நீரைப் பங்கிட்டுக் காக்கத் தெரிந்த ஜனங்களுக்கு நிலத்தைக் காக்கத் தெரியாதா?

பசுமைத் தமிழகம் என்ற இயக்கத்தை 2022 செப்டம்பர் 24-இல் சர்க்கார் தொடங்கி, காடும் மரப்பரப்பும் சேர்ந்து ராஜ்யத்தின் பரப்பில் 33 சதவிகிதமாக வேண்டும் என்று குறிக்கோள் வைத்திருக்கிறது. 2021-ஆம் வருஷத்து வன மதிப்பீட்டின்படி நமது காட்டுப் பரப்பு சுமார் 26,400 சதுர கிலோமீட்டர், அதாவது 20 சதவிகிதத்துக்குச் சற்று மேல். குறிக்கோளை வரவேற்கிறோம். புதிய நாற்று நடுவதற்கு முன், ஏற்கெனவே நிற்கும் காட்டை ஏட்டில் ஏற்றுவது செலவில்லாத காரியம். மேலும் அது நாற்றைப் போல் கோடையில் கருகாது.

இதற்குத் தேசத் தொண்டர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கிராமத்துக்கும் அ-பதிவேடு என்ற கணக்கு இருக்கிறது. எந்தச் சர்வே எண் மேய்க்கால், எது ஏரி, எது காட்டுப் புறம்போக்கு என்பது அதில் எழுதியிருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களோடும் ஆடு மேய்ப்பவர்களோடும் அந்தச் சரகத்து வனக் காப்பாளரோடும் நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். மரம் நிற்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் காடென்று பதிய வேண்டும், கிராமச் சபையின் சம்மதமின்றி வேறு உபயோகத்துக்கு மாற்றலாகாது என்று தீர்மானம் எழுதிக் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமச் சபை கூடுகிறது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி தாலுகாக்களில் உள்ள ஊர்கள் அடுத்து வரும் சபையிலேயே இதைத் தொடங்கலாம்.